வீட்டுச் சாமான் எல்லாம் தம்பி போனில், அம்மா வாசலில்

மேனோன்பாறை வாசி
சனி, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். புலம்புவதற்கென்று தனியாக இழை திறக்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று காலை நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வராது.

போன ஆவணியில் மேனோன்பாறைப் பக்கம் இருந்த ஓட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, அதே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தத்தமங்கலத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். மூன்றாவது மாடி. நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை. தம்பி பஹ்ரைனில் இருக்கிறான். புது வீட்டுச் சாமான் செலவு முழுக்க என்னுடையது என்று பிடிவாதம் பிடித்தான். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின், இன்டக்‌ஷன் அடுப்பு, கையை ஆட்டினால் ஓடும் சிம்னி, ரிமோட் ஃபேன் நான்கு, விரல் வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டு. எல்லாம் வைஃபையில், எல்லாம் அவன் போனில் பதிவு. இருபது நாள் லீவில் வந்து அவனே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, "இனிமேல் அம்மா ராணி மாதிரி இருக்கலாம்" என்று சொல்லி விமானம் ஏறினான்.

இன்று காலை ஆறு மணிக்கு அம்மா அடுப்பில் நேற்றைய பாலை வைத்துவிட்டு, வாசலில் தொங்கும் பையிலிருந்து புதுப் பால் பாக்கெட்டை எடுக்க வெளியே வந்திருக்கிறார். மார்கழி மாதத்தில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ஜாதி அது. அம்மா வெளியே, அடுப்பு உள்ளே.

விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாலும் சிவப்பு. முப்பது வருஷம் கடலைக்காய் பறித்த விரல் அது, தென்னோலை பின்னின விரல். ரேஷன் கடை மெஷினே மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் ஒத்துக்கொள்ளும். நம்பர் அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு அழைத்தார். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தேன். எனக்கும் நம்பர் தெரியாது, என் விரல்தான் எனக்குச் சாவி. தம்பிக்கு அழைத்தோம். அங்கே அப்போது விடியற்காலை 3.40. பாவம், அரைத் தூக்கத்தில் ஆப்பைத் திறந்து பார்த்தால் சாதனம் இணைப்பில் இல்லை என்று வருகிறதாம். காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. பிராட்பேண்ட் மாதக் கட்டணம் முந்தின நாளோடு முடிந்திருந்தது. நெட் பில் கட்டவில்லை என்றால் சொந்த வீட்டுக் கதவு திறக்காது என்பதை நான் இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் வந்து சேரும்போது 7.05. அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் பால் பாக்கெட். உள்ளே பால் பொங்கி அடுப்பின் தொடு பலகை மேல் வழிந்து, அடுப்பு தானாக நின்றுபோயிருந்தது. அந்த ஒன்றுக்காக அந்த அடுப்புக்கு ஒரு கும்பிடு. அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "ஏஞ் சாமி, அந்த வீட்டுல கொண்டிய நீக்குனா கதவு தொறந்துக்கும். இங்க பஹ்ரைன்ல இருந்து உத்தரவு வரோணுமா?"

வாஷிங் மெஷின் கதை தனி. பத்து நாளாகப் பாதியில் நின்று ஓர் எழுத்தையும் இரண்டு எண்ணையும் காட்டுகிறது. தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, கதவும் திறக்காது. தம்பி அங்கிருந்தே ஆப்பில் சர்வீஸ் பதிந்தான். மறுநாள் ஒருவர் என்னை அழைத்து "மீ இல்லு எக்கட?" என்றார். ஊர்ப் பட்டியலில் சித்தூர் என்று வந்ததை இவன் தொட்டிருக்கிறான். டிக்கெட் ஆந்திராவில் இருக்கும் சித்தூருக்குப் போய்விட்டது. மாற்றுங்கள் என்று மூன்று தடவை பேசியாயிற்று. அம்மா பத்து நாளாகக் குளியலறையில் உட்கார்ந்து கையால் துவைக்கிறார்.

இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?


களியக்காவிளை கடைசி பஸ்
சனி, இரவு 9.41

கொண்டி போடுங்க அண்ணே. வேறொன்றும் வேண்டாம்.


டெஸ்டர் மாமா
சனி, இரவு 10.15

தம்பி, நான் கொழிஞ்சாம்பாறையில் முப்பத்திரண்டு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இந்தப் பூட்டையும் ஒரு பத்து வீட்டில் மாட்டியிருக்கிறேன். மாட்டுகிறவன் சொல்லாமல் போகிற விஷயங்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பூட்டு வந்த டப்பாவைத் தேடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குள் சாதாரண இரும்புச் சாவி இரண்டு வரும். பூட்டின் முன்பக்கத்திலோ அடியிலோ ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் தள்ளினால் சாவித் துவாரம் தெரியும். பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள் அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அதைவிடக் கூத்து கிடையாது. ஒரு சாவி உங்கள் பையில், ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில்.

இரண்டாவது, பூட்டுக்குள் இருக்கும் பென்சில் செல் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பல பூட்டுகளின் அடியில் குமிழ் மாதிரி இரண்டு பித்தளைப் புள்ளி இருக்கும். பழைய ரேடியோவுக்குப் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரியை அதில் ஒட்டிப் பிடித்தால் பூட்டுக்கு உயிர் வரும், அப்புறம் நம்பரைப் போடலாம். புது மாடலில் போன் சார்ஜர் குத்தும் துவாரம் இருக்கும். உங்கள் விஷயத்தில் செல் பிரச்சினை இல்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். தானே பூட்டிக்கொள்வதை நிறுத்தி வைக்கலாம். பாலக்காட்டுக் காற்றடிக்கிற ஊரில் அந்த வசதியைப் போட்டு வைப்பது மடத்தனம். அம்மாவுக்குத் தேய்ந்த விரல் என்றால் ஒரே கட்டை விரலையே மூன்று நான்கு கோணத்தில், தனித்தனி விரல் மாதிரிப் பதிந்து வையுங்கள். காலையில் குளித்த ஈரக் கையோடு ஒரு தடவை, சாயங்காலம் காய்ந்த கையோடு ஒரு தடவை. அதுவும் சரிவரவில்லை என்றால் சில பூட்டுகளுக்குப் பஸ் பாஸ் மாதிரி அட்டை உண்டு. தாலிக்கொடி மாதிரி கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

வாஷிங் மெஷினுக்கு சர்வீஸ்காரர் வேண்டியதே இல்லை என்று தோன்றுகிறது. நாளை எழுதுகிறேன், கண் சொருகுகிறது.


மட்டச்சோறு
ஞாயிறு, காலை 6.50

அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார் என்று படித்ததும் எனக்கு என் மாமியார் நினைவுதான் வந்தது.

எங்கள் வீட்டில் பதினான்கு புரோகிராம் உள்ள ரைஸ் குக்கர் இருக்கிறது. வெள்ளை அரிசி, பழுப்பு அரிசி, கஞ்சி, கேக், தயிர் கூட உண்டு. பாலக்காடன் மட்ட அரிசிக்கு மட்டும் பட்டன் இல்லை. பழுப்பு அரிசியில் வைத்தால் உள்ளே முறுக்கு, வெள்ளை அரிசியில் வைத்தால் கல். மாமியார் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய குக்கரைப் பரணிலிருந்து இறக்கினார். ஒரே ஒரு நெம்புகோல், கீழே அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஹைஸ்கூலில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பழைய குக்கருக்குள் கம்ப்யூட்டரும் இல்லை, சிப்பும் இல்லை. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஒரு காந்தம் இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரிக்கு மேல் போகாது. அரிசி தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டதும் சூடு ஏறும். சுமார் 103 டிகிரியில் அந்தக் காந்தம் தன் காந்தத் தன்மையை இழக்கும்படி செய்திருப்பார்கள். பிடி விட்டதும் ஸ்பிரிங் இழுக்கும், நெம்புகோல் டக்கென்று மேலே வரும். சோறு வெந்த செய்தியைச் சோறே சொல்கிறது. மட்ட அரிசிக்குத் தண்ணீரைக் கூட வைத்தால் அது கூட நேரம் வேகும். எந்த அரிசி என்று குக்கருக்குத் தெரிய வேண்டியதில்லை, மாமியாருக்குத் தெரிந்தால் போதும்.

பதினான்கு புரோகிராம் குக்கர் இப்போது பரணில். அதில் கேக் செய்யலாம் என்று பெண் சொல்கிறாள். மூன்று வருஷமாகச் சொல்கிறாள்.


இன்ஃபோபார்க் பேச்சிலர்
ஞாயிறு, காலை 10.05

எல்லோரும் சேர்ந்து மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

என் அப்பா குமுளியில் தனியாக இருக்கிறார். எழுபது வயது, கை நடுக்கம் உண்டு. குளிருக்குக் கீசரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். நான் கொச்சியிலிருந்து போனில் பார்த்து அணைத்துவிடுகிறேன். இரவில் எழுந்து சுவிட்ச் போர்டைத் தடவ வேண்டாம், "விளக்கு" என்றால் எரிகிறது. இதே விளக்கும் கீசரும் பழைய மாதிரியாக இருந்திருந்தால் அவரைத் தனியே விட எனக்குத் தைரியம் வந்திருக்காது.

மேனோன்பாறை அண்ணனுக்குக் கோபம் வரக் கூடாது. உங்கள் கதையில் தப்பு பூட்டு செய்தது இல்லை. எல்லாவற்றையும் தம்பி தன் பெயரில் பதிந்தார், வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கும் நம்பர் தெரியாது. ஆப்பில் வீட்டு உறுப்பினர் என்று இன்னொருவரைச் சேர்க்க இரண்டு நிமிஷம் போதும். இருபது நாளில் அந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் வெளிநாடு போயிருந்தால் பீரோவையா திட்டுவோம்?

மட்டச்சோறு டீச்சர், முன்பக்கக் கதவு மெஷின் மேல்பக்க மெஷினைவிடத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும், துணியையும் கிழிக்காது. எளிமையாக இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழசும் நல்லது என்று சொல்ல முடியாது. என் பாட்டி அம்மிக்கல்லை எளிமை என்று சொல்லிக் கேட்டதில்லை.


களியக்காவிளை கடைசி பஸ்
ஞாயிறு, காலை 10.12

பீரோ சாவிக்கு ஓடிபி வராது தம்பி.


மட்டச்சோறு
ஞாயிறு, காலை 11.30

அம்மிக்கல்லை நானும் எளிமை என்று சொல்லவில்லை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அப்புறம் வந்தது என்ன? நமக்குப் பக்கத்துக் கோயம்புத்தூர்க்காரர்கள் செய்த வெட் கிரைண்டர். புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. அதில் எத்தனை பட்டன்? ஒன்று. என் வீட்டுக் கிரைண்டருக்கு இருபத்தோரு வயது, ஒரு தடவை பெல்ட் மாற்றினேன். பெல்ட்டைத் தெருமுனைக் கடையில் வாங்கினேன். உடம்பு வேலையைக் குறைப்பது வேறு, மூளைக்குப் புது வேலை வைப்பது வேறு. முதலாவதைத்தான் நாங்கள் கேட்டோம்.

உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் செய்தது சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.


மேனோன்பாறை வாசி
ஞாயிறு, மதியம் 1.45

பேச்சிலர் தம்பி சொன்னது கொஞ்சம் சுட்டது. சுட்டாலும் உண்மைதான். பதிவு செய்யும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன், "நீயே பார்த்துக்கோ" என்று சொன்னதும் நான்தான்.

ஆனால் நேற்றிலிருந்து எனக்கு ஓடிக்கொண்டிருப்பது வேறு. பழைய வீட்டில் எல்லா வித்தையும் அம்மாவிடம் இருந்தது. கிணற்று மோட்டார் பிடிக்கவில்லை என்றால் குழாயின் மூடியைக் கழற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். காஸ் அடுப்பு நீலமாக எரியாவிட்டால் பர்னரைப் புளி போட்டு விளக்க வேண்டும், அதுவும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அம்மாவைத்தான் கேட்போம். இங்கே வந்த நாளிலிருந்து அம்மா எங்களைக் கேட்கிறார். சிம்னியை நிறுத்தலாமா, ஃபேன் ரிமோட் எங்கே, இந்த விளக்கு ஏன் மின்னுகிறது. சமைக்கிறவரும் துவைக்கிறவரும் அவர்தான். ஆனால் வீட்டைத் தெரிந்தவர் அவர் இல்லை. உறுப்பினராகச் சேர்ப்பதால் இது சரியாகுமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

மாமா, வாஷிங் மெஷின் பற்றி எழுதுகிறேன் என்றீர்களே?


டெஸ்டர் மாமா
ஞாயிறு, மதியம் 3.10

சாப்பிட்டுவிட்டு வந்தேன். சொல்கிறேன்.

தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, கதவு திறக்கவில்லை என்றால் முக்கால்வாசி வடிகால் அடைப்புதான். மெஷினின் அடிப்பக்கத்தில், ஒரு மூலையில், சின்னக் கதவு மாதிரி ஒரு மூடி இருக்கும். நாணயத்தை வைத்து நெம்பினால் திறக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெந்நீரில் ஓட்டியிருந்தால் தண்ணீர் ஆறட்டும். மூடிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். அதை இழுத்து, முனையைக் கழற்றி, தட்டையான தட்டில் தண்ணீரை வடியுங்கள். பத்துப் பதினைந்து தட்டு ஆகும், பொறுமை வேண்டும். எல்லாம் வடிந்த பிறகு பக்கத்தில் இருக்கும் திருகு மூடியை இடப்பக்கமாகச் சுற்றினால் வடிகட்டி வெளியே வரும். தண்ணீர் வடியாமல் அதைத் திருகினால் வீடு குளமாகிவிடும். என் பேச்சைக் கேட்காத ஒருவர் வீட்டில் ஆனது.

சட்டைப் பட்டன், சேஃப்டி பின், அஞ்சு ரூபாய்க் காசு, ஒரு வீட்டில் தோடு, இவையெல்லாம் நான் அதிலிருந்து எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டுக் கழுவி மாட்டினால் போதும். இதற்கு ஆந்திராவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

நெட் பற்றி ஒரு வார்த்தை. இந்த வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். புது ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் சேர்த்து ஒரே பெயரில் தரும். போன் அதில் இருக்கும், ஃபேன் இதைத் தேடும், ஒன்றையொன்று பார்க்காது. ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். நான் பார்த்த "கெட்டுப்போன" ஃபேன்களில் பாதிக்கு இதுதான் வியாதி. இன்னொன்று, அந்த மாதிரி ஃபேனைச் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாகக் கொடுங்கள்.


தோத்தாபுரி
ஞாயிறு, மாலை 5.30

ஆந்திரா சித்தூரிலிருந்து வணக்கம்! வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஸ்கூலில் எதுவோ. உங்கள் டிக்கெட்டைப் பார்த்து எங்கள் ஊர் சர்வீஸ்காரர் எவ்வளவு குழம்பியிருப்பார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இது எங்களுக்குப் புதிதில்லை. இரண்டு வருஷம் முன்னால் என் மிக்ஸிக்கு வர வேண்டிய மோட்டார் கப்ளர் பாலக்காட்டுப் பக்கம் போய், ஆறு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தது. உங்கள் பின்கோடு 678-ல் தொடங்கும், எங்களுடையது 517. ஆப்பில் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், பின்கோடை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஊர் தன்னால் மாறும்.

மூன்று தடவை பேசியும் கேட்கவில்லை என்றால் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். வக்கீல் மிரட்டல் எல்லாம் தேவையில்லை, அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பினாலே பாதி வேலை நடக்கும். எனக்கு நடந்தது.

எல்லைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கோயம்புத்தூரில் வாங்கியிருப்பீர்கள், நாங்கள் வேலூரிலோ சென்னையிலோ வாங்குவோம். "பில் அந்த ஸ்டேட், நீங்கள் இந்த ஸ்டேட்" என்று அலைக்கழிப்பார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கினவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இந்த இரண்டையும் போனில் நிதானமாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்.


மீட்டர் ரீடிங்
ஞாயிறு, இரவு 8.00

யாரும் கரண்ட் பில் பக்கம் வரவில்லை, அதனால் நான் வருகிறேன்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பேசும்போது நமக்கு வயிறு எரியும். நம் கேரளத்துப் பக்கம் கணக்கு வேறு. இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். 501 ஆகிவிட்டால் படி என்பதே இல்லை, முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. அந்த ஒரு யூனிட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் என் வீட்டில் விளையாட்டு.

அதில் இந்த வைஃபைச் சாமான்கள் எங்கே வருகின்றன? எதையும் முழுசாக அணைக்க முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். எல்லாமாகச் சேர்ந்து 20 வாட் என்று வைத்துக்கொண்டால் 60 நாளில் கிட்டத்தட்ட 29 யூனிட். சும்மா இருப்பதற்கான கூலி அது. 480-ல் நிற்கிறவரை 501-க்கு மேலே தள்ள அது போதும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அதே ரிமோட் ஃபேன் அந்தக் கடனைத் தீர்த்துவிடும். பழைய ஃபேன் 75 வாட் என்றால் இது 30 வாட் அளவில் ஓடும். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் ஃபேன் பத்து மணி நேரத்தோடு நிற்கவில்லை, இரவும் பகலும் ஓடியது. ஆகவே ஃபேனைத் திட்ட மாட்டேன். ரிமோட்டைத் திட்டுவேன். அது எப்போதும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கும்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு: 2020 ஜனவரியிலிருந்து வரும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அழைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.


சோகநாசினிக் கரை
ஞாயிறு, இரவு 8.40

அக்கா ஒருத்தி இங்கே இருக்கிறேன், எனக்கும் வழி விடுங்கள்.

மேனோன்பாறைக்காரரே, பாத்திர மெஷின் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுதாததைப் பார்த்தாலே இன்னும் ஓட்டவில்லை என்று தெரிகிறது. ஓட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். அதற்கு மூன்று சாமான் வேண்டும். சோப்பு, பளபளப்புக்கு ஒரு திரவம், அப்புறம் உப்பு. உப்பு என்றதும் எங்கள் மாடியில் ஒருவர் கல்லுப்பைக் கொட்டிவிட்டார். ஒரு மாதத்தில் கண்ணாடி டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

உப்பு பாத்திரத்துக்கு இல்லை, தண்ணீருக்கு. மெஷினின் அடியில் கடின நீரை மென்னீராக்க ஒரு பிசின் இருக்கிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிரம்பியதும் உப்புத் தண்ணீரால் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். அதற்குச் சுத்தமான உப்பு வேண்டும். கல்லுப்பில் இருக்கும் அழுக்கும், தூள் உப்பில் கட்டி ஆகாமல் இருக்கச் சேர்க்கிறதும் அதற்கு ஆகாது. கடையில் தனியாகவே விற்கிறார்கள்.

நம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் ஃபுளோரைடுக்கே பெயர் போனது. உங்கள் ஃபிளாட்டில் போர் தண்ணீர் கலந்து வருகிறதா என்று அசோசியேஷனில் கேட்டு, தண்ணீரின் கடினத்தைப் பார்த்து, மெஷினில் அந்த அளவை ஒரு தடவை வைத்துவிட்டால் முடிந்தது. மலம்புழைத் தண்ணீர் வரும் டவுன்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது.

நான் மெஷினுக்கு எதிரி இல்லை. முதுகு வலி வந்த பிறகு அதுதான் எனக்குத் தங்கச்சி. ஆனால் தங்கச்சியைப் பழக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.


களியக்காவிளை கடைசி பஸ்
ஞாயிறு, இரவு 9.05

கை ஆட்டினால் ஓடும் சிம்னி எங்கள் வீட்டிலும் உண்டு. மேல் தட்டில் இருக்கும் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுக்கக் கை நீட்டினால் ஓடும். டப்பாவைத் திரும்ப வைத்தால் நிற்கும். அம்மச்சி அதற்குப் பயந்து இப்போது உட்கார்ந்து குழம்பு தாளிக்கிறார். பெரும்பாலும் பக்கவாட்டில் சென்சாரை மட்டும் அணைக்கும் பட்டன் இருக்கும், ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கொண்டியை மறக்காதீர்கள்.


இன்ஃபோபார்க் பேச்சிலர்
ஞாயிறு, இரவு 10.20

அண்ணா, மதியம் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்பா விஷயத்தில் நான் இதை யோசித்ததே இல்லை. இன்று சாயங்காலம் பேசும்போது கேட்டேன், "நான் கீசரை அணைப்பது உங்களுக்குத் தெரியுமா" என்று. "தெரியும். அணைத்தபின் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பார்ப்பேன், நீ கவனிக்கிறாயா என்று" என்றார். மூன்று வருஷமாக விளையாடிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

பட்டன் போன் என்றால் ஆப்பை விட்டுவிடுங்கள். மெஷினில் இருக்கும் பட்டனிலேயே வழி உண்டு. அம்மா வழக்கமாகத் துவைக்கிற மாதிரி ஒரு புரோகிராமை மட்டும் நிரந்தரமாகச் சேமித்து வைக்கலாம், பல மெஷின்களில் அந்த வசதி இருக்கிறது. அதற்கப்புறம் இரண்டே பட்டன்தான். ஒன்று உயிர் கொடுக்க, ஒன்று ஓட.


மேனோன்பாறை வாசி
செவ்வாய், இரவு 9.50

இரண்டு நாள் ஷிப்ட், அதனால் தாமதம். எல்லோருக்கும் நன்றி.

மாமா சொன்னபடி அடி மூடியைத் திறந்தேன். பதினெட்டுத் தட்டு தண்ணீர். வடிகட்டியில் இருந்தது இரண்டு சேஃப்டி பின்னும், தம்பி சட்டையின் காலரில் வைக்கும் பிளாஸ்டிக் குச்சி ஒன்றும். அவன் ஊருக்குப் போகும் முன் போட்ட சட்டை. இப்போது மெஷின் ஓடுகிறது. பூட்டுச் சாவி நீங்கள் சொன்ன இடத்திலேயே, பீரோவுக்குள், டப்பாவோடு இருந்தது.

புரோகிராமைச் சேமித்துவிட்டு, எந்த இரண்டு பட்டன் என்று அம்மாவுக்குக் காட்டினேன். தொடு பலகையில் எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கிறது, விளக்கு அணைந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றார். உள்ளே போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தார். உயிர் கொடுக்கும் பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு, ஓட்டும் பட்டனுக்குப் பச்சை. அப்புறம் நான் சொல்லாமலேயே அடுப்புக்கு இரண்டு, சிம்னியின் அந்தப் பக்கவாட்டுப் பட்டனுக்கு ஒன்று. பாத்திர மெஷினுக்கு மட்டும் ஒட்டவில்லை. "இதுக்கு இன்னும் நாள் பாக்கல" என்கிறார். வீடியோ காலில் தம்பி பார்த்துவிட்டு, "என்னம்மா, மெஷினுக்கெல்லாம் பொட்டு?" என்றான். "ஆயுத பூசைக்கு வெக்கறதில்லையா? இது கொஞ்சம் முன்கூட்டி" என்றார் அம்மா. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பூட்டு நம்பரை அவனே சொன்னான், அம்மா காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். காலண்டர் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறதே.

ஆசாரியை வரச் சொல்லி உள்பக்கம் ஒரு கொண்டியும், கதவு காற்றில் சாத்தாமல் இருக்க வெளியே ஒரு கொக்கியும் போட்டாயிற்று. கடைசி பஸ் அண்ணனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.


களியக்காவிளை கடைசி பஸ்
செவ்வாய், இரவு 9.52

மகிழ்ச்சி.


தோத்தாபுரி
செவ்வாய், இரவு 10.10

எங்கள் ஊர் டிக்கெட் என்ன ஆயிற்று அண்ணா?


மேனோன்பாறை வாசி
புதன், காலை 8.15

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இன்று காலை உங்கள் ஊர்க்காரர் மறுபடி அழைத்தார். நல்ல மனிதர். மெஷின் சரியாகிவிட்டது, நீங்கள் வர வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையில் சொன்னேன். சந்தோஷம் என்றார். ஆனால் டிக்கெட்டை அவர் முடித்து வைக்க வேண்டுமாம், அதற்கு ஓடிபி வேண்டுமாம்.

ஓடிபி பஹ்ரைனுக்குப் போயிருக்கிறது. தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை.